ஏன் வரவில்லை என்று கேட்டவள்

வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து, ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் அவளுக்கு வேலை. கேட்டால் சிரிப்பு வரும். முதல் நாள் அவளுக்கும் வந்தது. மக்கள் ஏன் வைத்தியம் பார்த்துக்கொள்ள வருவதில்லை, எது அவர்களைத் தடுக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி நிறுவனம் கிளம்பியது. வராதவர்கள் வீட்டில் இருப்பார்கள். வீடு வீடாகப் போக வண்டி வேண்டும், வெயிலில் அலைய வேண்டும், கதவைத் திறக்காதவர்களிடம் கெஞ்ச வேண்டும். ஆஸ்பத்திரிக் கூடத்திலோ ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். டோக்கனை விட்டுவிட்டு எழுந்து ஓடவும் மாட்டார்கள். ஆகவே தாமதமாக வந்தவர்களைக் கேட்டால் வராதவர்களின் மனசு தெரிந்துவிடும் என்று அந்த நிறுவனத்தின் தலைவரான பேராசிரியர் முடிவு செய்தார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் கேள்விகள் ஏற்றிய ‘டேப்’ என்ற தொடுதிரைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அரசு மருத்துவமனையில் தரைக்குக் கீழ்த் தளத்தில் இருந்த கண் பிரிவில், குடிதண்ணீர்க் குழாய்க்கும் படிக்கட்டுக்கும் நடுவில் அவளுக்கென்று ஒரு மூலை இருந்தது. அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பேட்டி கொடுப்பவருக்கு ஒரு ஸ்டூல். துப்புரவுப் பெண்களிலிருந்து நர்ஸ்கள் வரை எல்லாருக்கும் அவள் ‘சர்வேக்கா’. டோக்கன் எண்ணைக் காட்டும் மின்பலகை செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்ததால், அட்டெண்டர் ஒருவர் டாக்டர் அறை வாசலில் நின்று தொண்டை கிழியக் கூப்பிடுவார். அவருக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். அந்தத் தொண்டையும் அரசாங்கச் சொத்துதான், அதையும் யாரும் பராமரிக்கவில்லை. மூன்று முறை கூப்பிடுவார். ஆள் வராவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். டாக்டர் எழுந்துவிட்டால் மிச்சமிருக்கும் டோக்கனெல்லாம் வெறும் காகிதம்.

இந்தத் தொழிலுக்கு அவள் நேற்று வந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே சோப்புத்தூள் கம்பெனிக்காகத் தெருத்தெருவாகப் போய், நுரை போதுமா, வாசனை பிடித்திருக்கிறதா என்று கேட்டவள். அப்புறம் பற்பசை, அப்புறம் டிவி சேனல், அப்புறம் செல்போன். சாத்திய கதவைத் திறக்கவைப்பதில் அவளுக்கு நிகர் யாருமில்லை. முதலில் ஒரு வாய் தண்ணீர் கேட்பாள். தண்ணீர் கொடுத்தவர்களுக்கு விரட்ட மனசு வராது. தன் தலைவலியைப் பற்றி இரண்டு வார்த்தை புலம்புவாள். அவர்கள் தங்கள் முதுகுவலியைச் சொல்வார்கள். அவ்வளவுதான், பிறகு பேட்டி தானாக ஓடும். நடுவில் யாராவது நெளிந்தால், எழுந்துகொள்ளப் பார்த்தால், மணிக்கட்டில் இரண்டு விரலை வைப்பாள். பிடிக்க மாட்டாள், வைப்பாள். “இன்னும் மூணே கேள்வி” என்பாள். அந்த இரண்டு விரலை உதறிவிட்டுப் போனவர் இன்றுவரை யாருமில்லை.

நிறுவனத்தின் அலுவலகச் சுவரில் பேட்டி எடுப்பவர்களின் பெயருக்கு நேராகக் கட்டங்கள் போட்ட ஒரு பலகை உண்டு. முடிந்த பேட்டிக்குப் பச்சை, பாதியில் நின்றதற்குச் சிவப்பு. பட்டப்படிப்பு முடித்த சின்னப் பெண்களின் வரிசையெல்லாம் அம்மை போட்ட மாதிரி சிவந்து கிடக்கும். அவளுடைய வரிசையில் ஒரு சிவப்பு கிடையாது. கண்காணிப்பாளர் மேடம் கூட்டத்தில் அதைக் காட்டி, “அக்காவைப் பாத்துக் கத்துக்கங்க” என்பாள். அந்த மேடத்துக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். இருந்தாலும் அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் படாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை.

பேட்டியின் நடுவில் ஒரு கேள்வி வரும். இத்தனை நாள் வராமல் போனதற்கு முக்கியக் காரணம் எது? டேப்பில் ஒன்றைத்தான் தொட முடியும். தூரம் என்று தொட்டால் எத்தனை பஸ் மாறினீர்கள், எவ்வளவு நடந்தீர்கள் என்று ஒரு கட்டுக் கேள்விகள் திறந்துகொள்ளும். செலவு என்றால் அதற்கு ஒரு கட்டு. விடுப்பு கிடைக்கவில்லை, துணைக்கு ஆளில்லை, பயம், போன தடவை திட்டினார்கள், எதைத் தொட்டாலும் வாலைப் பிடித்தால் பாம்பு வருகிற மாதிரி பின்னால் நீளும். ‘அலட்சியம்’ ஒன்றுக்குத்தான் வால் கிடையாது. அலட்சியம் என்றால் அலட்சியம், அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது என்று பேராசிரியர் நினைத்திருப்பார். ஆகவே ஆள் நெளியும்போதும், சாப்பாட்டு நேரம் நெருங்கும்போதும், டேப்பில் சார்ஜ் இறங்கும்போதும், பேட்டி எடுக்கிற எல்லாருடைய விரலும் அங்கேதான் போய் விழுந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘பொய் ஒண்ணும் இல்லையே, எல்லாரும் கொஞ்சம் அலட்சியமாத்தான இருக்கோம்’ என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொள்வாள். பேட்டி எடுப்பவர்களுக்கு இது ஊரறிந்த ரகசியம். மேடத்துக்கும் தெரிந்திருக்கும். பச்சை பச்சையாக இருக்கும்போது யார் போய்க் கிளறப் போகிறார்கள்?

வீட்டில் மூன்று பேர். லிஃப்ட் பழுது பார்க்கும் கணவன், அவள், அவனுடைய தங்கை. நாத்தனார் கட்டிக்கொண்டவனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறாள். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி. ‘சோடாபுட்டி’ என்று அண்ணன் வைத்த பெயர் கம்பெனி வரைக்கும் போய்விட்டது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. “சோடாபுட்டி போட்டு நான் தைக்கிற காலர் மாதிரி, ரெண்டு கண்ணும் நல்லா இருக்குறவளைத் தைக்கச் சொல்லு பாப்போம்” என்பாள். சொல்கிற மாதிரியே தைக்கவும் தைப்பாள். சட்டையில் காலர் கோணினால் எல்லாம் கோணல். அதனால்தான் அந்த மெஷினில் எல்லாரையும் உட்காரவைக்க மாட்டார்கள். அந்த வீட்டின் வாடகை அவளுடைய கண்ணிலிருந்துதான் வந்தது. வாடகையை விடப் பெரிய விஷயம், அந்த மெஷின் இருந்ததால்தான் அவள் யாருக்கும் பாரமில்லாமல் தலை நிமிர்ந்து அந்த வீட்டில் சாப்பிட்டாள். இது மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாயால் சொன்னதில்லை.

ஒருநாள் காலை பாத்திரம் தேய்த்துக்கொண்டே நாத்தனார் சொன்னாள்.

“அண்ணி, வலது கண்ணுல மின்னல் மாதிரி வெட்டுது. கொசு பறக்குற மாதிரியும் இருக்கு. அடிக்கலாம்னு கையை ஓங்கினா ஒண்ணுமே இல்ல.”

“கண்ணாடி மாத்தி எவ்வளவு நாளாச்சு?”

“கடைக்காரன்கிட்ட போனேன். பவர் ஏறியிருக்கு, புதுசு போட்டா சரியாயிடும்னு போட்டுக் குடுத்தான். சரியாகல.”

“அப்ப ஆஸ்பத்திரிக்கு வாயேன்டி.”

“லீவு கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சி எப்படிப் போகுது தெரியுமா? கம்பெனிய நான் தூக்கிட்டு ஓடிடுவேன்னு பயப்படுறாரு. நீங்கதான் அங்கயே இருக்கீங்களே, ஒரு டோக்கன் போட்டு வைங்களேன்.”

“சரி, பாக்குறேன்” என்றாள் இவள். பார்க்கவில்லை. தினமும் கண் பிரிவிலேயே உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு டோக்கன் போட நேரமில்லை. கடலோரத்தில் குடியிருப்பவன் கடலில் குளிக்காத கதைதான். இரண்டு வாரம் போயிற்று. நாத்தனார் மறுபடி சொன்னாள், இந்த முறை சிரிக்காமல். “கண்ணோட ஓரத்துல ஒரு நிழல் நிக்குது அண்ணி. யாரோ பக்கத்துல வந்து நிக்குறாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன்.”

“இந்த வாரம் பெரிய டாக்டர் வர்ற நாளுக்கு வந்துடு. அரை நாள் லீவு சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்குறேன்.”

அந்தப் பெரிய டாக்டர் வாரத்தில் ஒருநாள், அதுவும் காலையில் மட்டும்தான் வருவார். அந்த நாள்தான் தகவல் திரட்டுவதற்குக் கடைசி நாளாகவும் அமைந்தது. காலையிலேயே மேடம் போன் செய்துவிட்டாள். தள்ளிப்போட்டு வந்த பெண்கள் கணக்கில் இவளுக்கு ஒரே ஒரு பேட்டி குறைகிறது, மதியத்துக்குள் அனுப்பிவிட வேண்டும், பேராசிரியரே இன்று மருத்துவமனைக்கு வருகிறார், டாக்டர்களைக் கூட்டி இதுவரை கண்டுபிடித்ததைச் சொல்லப் போகிறார், அப்போது பலகையில் ஓட்டை இருந்தால் நன்றாக இருக்காது.

அன்றைக்கென்று பார்த்து அப்படி ஒரு பெண் கிடைக்கவில்லை. வந்தவர்களெல்லாம் ஆண்கள், இல்லையென்றால் நேற்று வலித்து இன்று வந்துவிட்ட புத்திசாலிப் பெண்கள். ஒரு கிழவி கிடைத்தாள். “ஏம்மா இவ்வளவு நாள் வரல?” என்று கேட்டதற்கு, “வந்துக்கிட்டேதான் இருக்கேன், அவங்கதான் பாக்க மாட்டேங்குறாங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விட மாட்டேங்குறான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்த நேரத்தில்தான் படியிறங்கி நாத்தனார் வந்தாள். கையில் டோக்கன், முகத்தில் வேர்வை, ஒரு கண்ணைச் சுருக்கியபடி. பெண், வேலைக்குப் போகிறவள், வாரக்கணக்கில் தள்ளிப்போட்டவள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று இவள் மனசு துள்ளியது. துள்ளியது என்பதுதான் உண்மை, அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை.

சொந்தக்காரர்களைப் பேட்டி எடுக்கக் கூடாது என்பது விதி. எடுத்தது தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். ஆனால் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? இவள் பெயர் வேறு, அவள் பெயர் வேறு, முகத்திலும் சாடை கிடையாது.

“உன் நம்பர் வர இன்னும் நேரமிருக்கு. அதுக்குள்ள எனக்கு ஒரு பேட்டி குடுத்துடு.”

“என்கிட்டயா? வீட்ல கேக்குறது பத்தாதா?”

“அவசரம்டி. மதியத்துக்குள்ள அனுப்பணும். யார் கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னு சொல்லிடு.”

நாத்தனார் சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள். “கேளுங்க மேடம். உங்களை நான் இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. பாத்தா நல்ல குடும்பத்துப் பொம்பளை மாதிரி தெரியுது.”

கேள்விகள் ஓடின. வயது, படிப்பு, வேலை, வீட்டில் எத்தனை பேர். நடுக் கேள்வி வந்தது. ஏன் இத்தனை நாள் வரவில்லை? நாத்தனார் வேடிக்கையை விட்டுவிட்டு நிஜமாகவே யோசித்துப் பதில் சொன்னாள். சூப்பர்வைசர் லீவு தரவில்லை. கண்ணாடிக் கடைக்காரன் பவர்தான் என்றான். அண்ணனிடம் சொன்னால் செலவு என்று பயப்படுவான். பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் நுழைவது, யாரைக் கேட்பது என்று தெரியாது, கேட்டால் எரிந்து விழுவார்கள். “அப்புறம், எங்க வீட்ல ஒருத்தங்க ஆஸ்பத்திரியிலயே வேலை பாக்குறாங்க. அவங்க டோக்கன் போட்டு வைப்பாங்கன்னு ரெண்டு வாரம் காத்திருந்தேன்.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். இவளும் சிரித்தாள். வாசலில் லவுட்ஸ்பீக்கர், “முப்பத்தஞ்சு!” என்று கத்தினார். நாத்தனாரின் டோக்கன் நாற்பத்தொன்று. எந்தக் காரணத்தைத் தொட்டாலும் ஒரு கட்டு திறக்கும், கட்டு திறந்தால் நேரமாகும். இவள் விரல் அலட்சியத்தில் போய் நின்றது. சத்தியமாக, அவள் சீக்கிரம் டாக்டரைப் பார்க்கட்டும் என்றுதான் அதைத் தொட்டாள். பேட்டியின் கடைசிப் பகுதிக்குத் தாவிவிட்டது. அந்தப் பகுதியும் சின்னதில்லை.

கூடத்தில் இரைச்சல் ஏறியது. ஒரு குழந்தை கண்ணில் சொட்டு மருந்து விடவிடாமல் அலறியது. அந்த அலறலுக்கு மேலே “நாப்பத்தொண்ணு!” என்று ஒரு குரல் வந்தது.

நாத்தனார் எழுந்தாள். “என் நம்பர் அண்ணி.”

இரண்டு விரல் மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. இவள் வைக்கச் சொல்லவில்லை, அதுவாகப் போய் வைத்துக்கொண்டது. “இரு, இன்னும் மூணே கேள்வி. பாதியில விட்டா செவப்பாயிடும். அவரு மூணு தடவை கூப்பிடுவாரு. அப்படியே போனாலும் நான் உள்ள சொல்லிக்குறேன், எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்கதான்.”

“நாப்பத்தொண்ணு!”

நாத்தனார் வாசலைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். அண்ணி கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்தாள். மருத்துவமனையின் சேவை திருப்தியா, ஓரளவு திருப்தியா, திருப்தி இல்லையா? திருப்தி. மற்றவர்களுக்கு இந்த மருத்துவமனையைப் பரிந்துரைப்பீர்களா? பரிந்துரைப்பேன். மூன்றாவது அழைப்பு எப்போது வந்தது என்று இருவருக்குமே காதில் விழவில்லை. பேட்டி முடிந்து டேப்பில் பச்சை வந்தது.

வாசலுக்கு ஓடினார்கள். லவுட்ஸ்பீக்கர் தொண்டையைத் தடவிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, நாப்பத்தொண்ணு இவங்கதான். கொஞ்சம் உள்ள விடுங்க.”

“என்ன சர்வேக்கா, கத்திக் கத்திக் கூப்பிட்டேன்! உங்க பக்கத்துலயா இருந்தாங்க? டாக்டர் எழுந்து போயிட்டாரே.”

“எங்க போயிட்டாரு? இன்னும் நேரமிருக்கே.”

“மீட்டிங்கு. உங்க ஆபீஸ் பெரியவர்தான் வந்திருக்காராம், ஜனங்க ஏன் வரமாட்டேங்குறாங்கன்னு பேசுறதுக்கு. இனி அடுத்த வாரம்தான்.”

இவள் முகம் செத்துப்போனது. நாத்தனார்தான் தேற்றினாள். “விடுங்க அண்ணி. உங்க ஆராய்ச்சியாவது முடிஞ்சுதே. மத்தியானம் வேலைக்குப் போயிட்டா அரை நாள் சம்பளமாவது மிஞ்சும்.” படியேறிப் போகும்போது கைப்பிடியைத் தடவித் தடவிப் போனாள். அது இவள் கண்ணில் படத்தான் செய்தது. அடுத்த வாரம் தானே முதல் ஆளாக டோக்கன் வாங்கிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு, பேட்டியை அனுப்பினாள். சாயங்காலம் மேடம், “சூப்பர் அக்கா!” என்று செய்தி போட்டாள்.

அந்த வாரத்தில் நிழல் நகர்ந்தது. “பாதி வரைக்கும் வந்துடுச்சு அண்ணி” என்று நாத்தனார் ஒரு காலையில் சொன்னாள். “வேற யாராவது டாக்டர்கிட்ட போவோமா?” என்று கேட்டாள். இவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வேறு டாக்டர் என்றால் பணம் வேண்டும், கணவனிடம் கேட்டால் போன வாரம் அரை நாள் லீவு போட்டாளே, என்ன ஆயிற்று என்று அவன் கேட்பான். “இன்னும் ரெண்டு நாள்தானே, பெரிய டாக்டர்கிட்டயே காட்டிடலாம்” என்றாள். இவள் சொன்ன பொய்களிலேயே யோக்கியமான முகத்தோடு வந்தது அதுதான். மறுநாள் காலை நாத்தனார் எழுந்து உட்கார்ந்து, இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தாள். வலது கண்ணில் ஜன்னல் இருக்கும் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது.

அதற்கும் மறுநாள் பெரிய டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஈரச் சுவரிலிருந்து காகிதம் உரிவது மாதிரி உள்ளே விழித்திரை உரிந்துவிட்டது என்றார். அறுவை சிகிச்சைக்கு எழுதித் தருகிறேன், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றார்.

“மின்னல் வெட்டுது, நிழல் தெரியுதுன்னா அன்னிக்கே ஓடி வரணும். போன வாரம் வந்திருந்தாகூட நடுப்பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம். என்ன பண்ணிட்டிருந்தீங்க? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்களே, கேட்டதில்லையா?”

இவள் நாத்தனாருக்குப் பின்னால் நின்றிருந்தாள். கழுத்தில் நிறுவனத்தின் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. ‘டாக்டர், போன வாரம் இவ வந்தா, வாசல் வரைக்கும் வந்தா, நான்தான் பிடிச்சு வச்சேன்.’ இதைச் சொல்ல எவ்வளவு மூச்சு வேண்டும்? ஊர் வாயையெல்லாம் திறக்கவைத்தவளுக்குத் தன் வாயைத் திறக்க வரவில்லை. நாத்தனார் தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் அவளை ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்சநேரம் காத்திருந்தாள்கூட. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“வேலை இருந்துச்சு டாக்டர்.”

“வேலையாம்! கண்ணை விட என்னம்மா வேலை?” என்று டாக்டர் எழுதத் தொடங்கினார்.

அறுவை சிகிச்சை நடந்தது. வெளிச்சம், இருட்டு என்ற வித்தியாசம் மட்டும் மிஞ்சியது. ஒற்றைக் கண்ணால் ஊசி எங்கே இறங்குகிறது என்று கணிக்க முடியாமல், கம்பெனிக்குத் திரும்பிப் போன முதல் வாரமே நாத்தனார் விரலில் தையல் போட்டுக்கொண்டாள். காலர் மெஷினிலிருந்து எழுப்பி, நூல் வெட்டும் இடத்தில் நிற்கவைத்தார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்யும் வேலை அது. அவளுடைய பழைய மெஷினில் உட்கார்ந்தவள், காலர் கோணும்போது அவளிடம் வந்து யோசனை கேட்டாள். அவளும் சொல்லிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் அந்த இடமும் போயிற்று. இப்போது வீட்டில் இருக்கிறாள். சாப்பிடும்போது தட்டை மடியோடு வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் சாப்பிடுகிற மாதிரி சாப்பிடுகிறாள்.

அண்ணனுக்குத் தங்கை மேல் உயிர். அதனாலேயே அவன் வாய் ஓயவில்லை. “அரை நாள் லீவு போட்டியே, எங்க போன? ஆஸ்பத்திரில வரிசை நீளமா இருந்துச்சுன்னு திரும்பி வந்துட்டியா? இவ அங்கயே உக்காந்திருக்கா, இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உனக்கு எல்லாமே விளையாட்டுடீ. அன்னிக்கு உன் புருஷன் விஷயத்துலயும் இப்படித்தான் கடைசி வரைக்கும் வாயத் திறக்கல.” சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவான். நாத்தனார் அவனுக்கு முகம் துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுப்பாள். ஒவ்வொரு முறையும் இவள், இன்று சொல்லிவிடலாம், அவன் கோபம் தணியட்டும் என்று தள்ளிப்போடுவாள். தள்ளிப்போடுவதைப் பற்றி ஆயிரம் பேரிடம் கேள்வி கேட்டவள்.

அவன் வேலைக்குப் போன ஒரு காலையில், அடுப்படியில் இவளே பேச்செடுத்தாள்.

“டாக்டர்கிட்ட நீ ஏன் சொல்லல?”

நாத்தனார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “என்னத்த?”

“நான்தான் உன்னைப் பிடிச்சு வச்சேன்னு.”

“சொன்னா கண்ணு வந்துடுமா?” தோலை ஊதித் தள்ளினாள். “வீட்ல ரெண்டு பொம்பளை சம்பளம். ஒண்ணு போயிடுச்சு. சொந்தக்காரியைப் பேட்டி எடுத்தேன்னு தெரிஞ்சா உங்களுதும் போயிடும். அப்புறம் அண்ணன் ஒத்தை ஆளா என்ன பண்ணுவான்? அவ்வளவுதான். பாசம்னு நெனச்சுக்காதீங்க.”

“எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லடி.”

“எனக்கு நல்லாத் தூக்கம் வருது. ஒரு கண்ணை மூட வேண்டிய வேலையே இல்ல.” அவள் சிரிக்கவில்லை. “நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் அண்ணி. அங்க, டாக்டர் முன்னாடி. நான் சொல்றது வேற, நீங்க சொல்றது வேற. கண்ணு போனது விதி. ஆனா இந்த வீட்ல எனக்குப் புத்தி கெட்டவள்னு பேர் வந்திருக்கு பாருங்க, அது விதி இல்ல.”

“உங்க அண்ணன்கிட்டயாவது சொல்லிடுறேன்.”

“சொல்லுங்க.” பூண்டுக் கிண்ணத்தை இவள் பக்கம் தள்ளி வைத்தாள். “நான் தடுக்கலையே.”

அதற்குப் பின் ஒரு மாதம் போயிற்று, இவள் சொல்லவில்லை. நிறுவனம் ஆராய்ச்சியை முடித்து, பெரிய ஹோட்டலில் விழா வைத்து வெளியிட்டது. இவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். திரையில் வண்ண வண்ணமாகத் தூண்கள் வந்தன. தூரம், செலவு, விடுப்பு, துணை, பயம் என்று குட்டைக் குட்டையாக நின்ற தூண்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் கூரையைத் தொட்டது. பேராசிரியர் அதைச் சுட்டிக்காட்டி, நாம் நினைத்தது போல ஏழ்மையும் தூரமும் அல்ல, மக்களின் மனப்போக்குதான் முதல் தடை என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பேட்டி எடுத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து, விடுமுறை நாள். கணவன் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாத்தனார் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் அடுப்படி வாசலில் நின்றாள்.

“இங்க பாரு, உங்க ஆபீஸ் பேர் வந்திருக்கு” என்று இவளிடம் சொன்னவன், படிக்கப் படிக்கத் தங்கை பக்கம் திரும்பினான். “கேட்டியா? நான் சொன்னா திட்டுறேன்னு நெனச்ச. பேப்பர்லயே போட்டுட்டான். பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்கு வராததுக்கு முக்கியக் காரணம் அலட்சியமாம். ஆயிரக்கணக்கான பேர்கிட்ட கேட்டு எழுதியிருக்காங்க. சும்மா இல்ல, ஆராய்ச்சி!”

குரலில் கோபம் இல்லை. தங்கையைப் பற்றித் தான் நினைத்தது சரிதான் என்று ஒரு பெரிய இடம் ஒப்புக்கொண்டதில் வந்த அலுப்பு மட்டும் இருந்தது. இனிமேல் அவன் திட்டக்கூட மாட்டான் என்று இவளுக்குப் புரிந்தது. தீர்ப்பு வந்துவிட்டது.

நாத்தனார் மடித்த சட்டையின் காலரை விரலால் நீவி, அடுக்கின் மேல் வைத்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. அடுப்படி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“இருக்கும் அண்ணா” என்றாள். “எழுதினவங்களுக்குத் தெரியாதா?”

அவன் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தான். இருவரும் இப்போது இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் வாயைத் திறந்தாள்.

“சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?” என்றுதான் வந்தது.